டேட்டா என்கிற திரவம்

காப்புரிமை வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் அத்தனை பேரும் என்னைவிட அதிகம் படித்தவர்கள். அதில் நீங்கள் பெருமைப்பட ஒன்றும் இல்லை. என்னைவிடக் குறைவாகப் படிப்பதுதான் கஷ்டம். ஒன்பதாம் வகுப்பில் கணக்கும் நானும் பேசி வைத்துக்கொண்டு பிரிந்தோம். அதன்பிறகு ஹைதராபாத் ஓரத்துப் பட்டான்செருவில் மருந்துத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தபோது, ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி போய்க் குழாய்ப் படம் வரையக் கற்றேன். எந்தக் குழாய் எங்கே வளைய வேண்டும், வால்வு எங்கே உட்கார வேண்டும் என்று காட்டுகிற படம். நான் வரைந்த வளைவு ஏதாவது இன்றைக்கு அங்கே ஒழுகினால் சொல்லுங்கள், வந்து வாயால் அடைக்கிறேன்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறவர் தன் கண்டுபிடிப்பைப் படம் போட்டுக் காட்ட வேண்டும் அல்லவா? ஹைதராபாத்தில் அதற்கு ஆள் தேடினார்கள். நான் இருந்தேன். முதலில் ஒரு மேசை, பிறகு ஓர் அறை, பிறகு செகந்திராபாத்தில் பெயர்ப்பலகை வைத்த ஆபீஸ். அதிகாரிகள் முன்னால் நின்று வாதாடச் சட்டப்படி ஏஜென்ட் பரீட்சை எழுதியவர்கள்தான் வேண்டும் என்றார்கள். சரி என்று எம்.டெக். படித்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்தேன். நாற்காலி என்னுடையது, டிகிரி அவர்களுடையது. ஊரில் ஐ.டி. பொங்கி வழிந்த காலத்தில் எங்கள் வாசலிலும் சாஃப்ட்வேர்க்காரர்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

அப்படி வந்தவள் ஹேமா. தார்நாகாப் பெண். அப்பா அங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. இவள் ஹைடெக் சிட்டியில் ஒரு பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு, வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு சாஃப்ட்வேர் எழுதியிருந்தாள். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, தெருவில் ஹிந்தி என்று வளர்ந்தவள். ஒரே வாக்கியத்தில் மூன்றையும் போட்டுப் பிசைவாள்.

“அங்கிள், கடைக் கடையா விக்கற விவரம், பேங்க் விவரம் எல்லாம் மூட்டை மூட்டையா வருது இல்ல? அத்த வாங்கி, கழுவி, பிரிச்சு, வேற எடத்துக்கு அனுப்பணும். அதுக்குப் பேரு டேட்டா பைப்லைன். ஒவ்வொரு கம்பெனியும் அத்த ஆறு மாசம் ஒக்காந்து எழுதறாங்க. என்னோடதுல ஸ்க்ரீன்ல பெட்டிய இழுத்துப் போட்டு, கோடு போட்டா பைப்லைன் ரெடி. ஹவ்?”

“ஹவ்,” என்றேன். எங்கள் ஊர் ஹிந்தியில் ‘ஆமாம்’. எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்: பைப்லைன். ஒரு மனிதனுக்கு அது போதாதா?

அவளுக்கு என்ன அவசரம் என்பதையும் சொல்லிவிட்டாள். அவள் விட்டு வந்த கம்பெனியே அதே மாதிரி ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தது. அவர்களிடம் ஆளும் உண்டு, விளம்பரமும் உண்டு. காப்புரிமை கிடைத்தால் அவள் பொருள் அவளுடையது. கிடைக்காவிட்டால், தார்நாகாவில் தினமும் காலைக் காபியோடு அப்பா கேட்கும் “அந்த வேலைக்கே திரும்பக் கூப்பிடுவாங்களா?” என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான்.

விண்ணப்பத்தை எழுதியது எங்கள் ஏஜென்ட் ரவீந்தர். கரீம்நகர்ப் பையன், எம்.டெக்., நல்ல மூளை. தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. என்னோடு ஹிந்தியில்தான் பேசுவான். அவன் பேச்சை இங்கே நான் தமிழாக்கித் தருகிறேன், கேட்டால் திட்டுவான். தலைப்பு பதினைந்து சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. வெட்டத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாத ரவீந்தர், கடைசியில் நாலே சொல்லாக ‘பைப்லைன் கட்டும் அமைப்பும் முறையும்’ என்று நிறுத்தினான். டேட்டா என்ற சொல் வெட்டுப்பட்டு விழுந்தது அவன் கையால். இதை நன்றாகக் கவனியுங்கள், பின்னால் என்மேல் பழி வரும்.

படத்துக்கு ஹேமா கொடுத்த கிறுக்கல் என் மேசைக்கு வந்தது. பெட்டி, அம்பு, பெட்டி, அம்பு. எல்.கே.ஜி. பிள்ளை வரைந்த ரயில் மாதிரி. இதையா என் ஆபீஸ் பெயரில் அனுப்புவது? தலைப்பைப் பார்த்தேன், பைப்லைன் என்றிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டியெல்லாம் தொட்டிகள் ஆயின. அம்பெல்லாம் குழாய்கள் ஆயின. மூட்டுக்கு மூட்டு ஃபிளேஞ்ச் என்கிற இரும்பு வளையம், ஃபிளேஞ்சுக்கு எட்டு போல்ட். கடைசிப் பெட்டியிலிருந்து முதல் பெட்டியை நோக்கி அவள் புள்ளி புள்ளியாக ஒரு சின்ன அம்பு பின்பக்கமாகப் போட்டிருந்தாள். குழாய்ப் படத்தில் புள்ளிக்கோடு என்றால் வால்வுக்குச் சேதி கொண்டுபோகும் கோடு. எனவே அங்கே அழகான ஒரு வால்வு வைத்தேன். அந்தப் படத்தைப்போல இன்றுவரை யாரும் வரைந்ததில்லை, நானும் சேர்த்துத்தான். கெடு நாள் என்பதால் ரவீந்தர் ஓட்டமாக வந்து, பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, ஓட்டமாகப் போனான்.

காத்திருந்தோம். ஒருநாள் ஆய்வறிக்கை வந்தது. ரவீந்தர் அதை வாசித்தான், உட்கார்ந்தான், மறுபடி வாசித்தான்.

“சார், ‘டேட்டா என்று குறிப்பிடப்படும் திரவத்தின் தன்மை விளக்கப்படவில்லை’ என்று ஆய்வு அதிகாரி எழுதியிருக்கிறார்.”

“என்ன?”

“அதன் அடர்த்தி என்ன, எந்த வெப்பநிலையில் ஓடும், குழாய் எந்த உலோகம், டேட்டா குழாயை அரிக்குமா. இதற்கு முன்பே ஒரு பால் பண்ணையில் இப்படிக் குழாய் போட்டிருக்கிறார்கள், அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம். இத்தனையும் கேட்டிருக்கிறார்.”

அவர்கள்மேல் தப்பே இல்லை. தலைப்பில் பைப்லைன், படத்தில் போல்ட் போட்ட குழாய், எழுத்தில் ‘டேட்டா பாயும், வடிகட்டப்படும், தேங்கும்’ என்று பக்கம் பக்கமாக. திரையில் பெட்டியை இழுப்பதுகூடத் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறை என்று தோன்றும். குழாய் தெரிந்த அதிகாரியிடம்தான் அது போகும்.

“கொழாய் இங்க யாரு போட்டா அங்கிள்?” என்று ஹேமா கேட்டாள். அன்றைக்குத்தான் அவள் என் படத்தை முதன்முதலாகப் பார்க்கிறாள்.

“நீதாம்மா பைப்லைன்னு சொன்ன.”

“நான் பைப்லைன்னு சொன்னா ப்ளம்பிங்கா?”

“பின்ன கைக்கு, எதுக்கும்மா, அந்தப் பேரு வெச்ச? இட்லின்னு வெச்சிருந்தா இட்லி வரைஞ்சிருப்பேன்.”

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் ரவீந்தர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சார், ஒன்று கவனித்தீர்களா? அந்த ஆட்சேபணை வரவே இல்லை.”

எந்த ஆட்சேபணை என்று உங்களுக்குத் தெரியும். நம் சட்டத்தில் ‘கம்ப்யூட்டர் புரோகிராம் பர் சே’ என்பதற்குக் காப்புரிமை கிடையாது. சாஃப்ட்வேர் விண்ணப்பம் எது போனாலும் முதல் அடி அங்கேதான் விழும். ஹேமாவுக்கு அது புரியவில்லை. ஆபீஸ் தலைவன் நான்தானே, விளக்கினேன்.

“பர் சேன்னா ஹிந்தி. ஊபர் சே, மேல இருந்து. புரோகிராம மேலாக்கப் பாத்தா அதுக்குக் காப்புரிமை குடுக்க மாட்டாங்க. கீழ என்ன இருக்குன்னு பாக்கணும்.”

ரவீந்தருக்கு டீ மூக்கில் ஏறியது. அது லத்தீன் என்றும், ‘தன்னளவில்’ என்று பொருள் என்றும் இருமலுக்கு நடுவில் சொன்னான். இருக்கட்டும். ஹிந்தி தெரிந்த ஊரில் லத்தீனை இப்படி எழுதி வைத்தால் யார் பொறுப்பு? அத்தனை வருஷம் என் பொருளை வைத்துத்தான் ஆபீஸ் ஓடியது, நன்றாகவே ஓடியது.

ரவீந்தரின் யோசனை இதுதான்: வாயை மூடிக்கொள்வோம். குழாய் என்று அவர்கள் நினைத்தால் குழாயாகவே இருக்கட்டும். திரவம் டேட்டா, வெப்பநிலை அறை வெப்பநிலை, அரிப்பு கிடையாது என்று பதில் எழுதிவிடலாம். எதுவும் பொய்யில்லை. ‘பர் சே’ பக்கமே போகாமல் காப்புரிமை கைக்கு வந்துவிடும்.

பிள்ளைகளே, ஆசை வந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகும். என் படம் அப்படியே, ஒரு போல்ட் குறையாமல், அரசாங்க முத்திரையோடு நிற்கும். மூச்சை இழுத்துச் சரி என்று சொல்லப் போனேன்.

ஹேமா முந்திக்கொண்டாள். “அந்தப் பேப்பர வெச்சுட்டு நான் யார நிறுத்துவேன்? அந்தக் கம்பெனி வக்கீல் வந்து, ‘அம்மா, உங்களது கொழாய், எங்களது சாஃப்ட்வேர், நமஸ்தே’ன்னு போயிடுவான். நான் போவன்பள்ளி மார்க்கெட்ல காய் கழுவற தண்ணிக்குக் கேஸ் போடணுமா? நக்கோ அங்கிள், வேணாம்.”

அந்தப் பெண் சொன்னது சரி. மேசைமேல் கையைத் தட்டி, “உள்ளதைச் சொல்லிவிடுவோம், நேரில் விளக்க நாள் கேள்,” என்று ரவீந்தரிடம் சொன்னேன். முடிவு எடுத்தது யார் என்று பிற்பாடு ஆபீஸில் பேச்சு வந்தபோது, மேசையைத் தட்டியது யார் என்று மட்டும் கேட்டேன்.

நாள் கிடைத்தது. மூன்று பேரும் காப்புரிமை அலுவலகம் இருக்கிற சென்னைக்கு ரயிலேறினோம்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தாத்தா காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருக்கிற எங்களுக்குத் தமிழ் என்பது வீட்டுப் பாஷை மட்டும் இல்லை, ரகசியப் பாஷை. கடைக்காரன் முன்னால் சேலை விலை பேச, பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பற்றிப் பேச, பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரனை வர்ணிக்க, எல்லாவற்றுக்கும் தமிழ்தான். எதிரே இருப்பவருக்குத் தெலுங்கு தெரியும், ஹிந்தி தெரியும், தமிழ் தெரியாது. தலைமுறை தலைமுறையாக ஊறிய நம்பிக்கை. ரயிலில் ஒரு ராத்திரியில் அது போகாது.

அதிகாரி ஒல்லியான மனிதர். மேசையில் பேனாக்களை நேர்கோட்டில் அடுக்கி வைத்திருந்தார். ஆங்கிலத்தில் பேசினார், அதுவும் அளந்து. நடுவில் என் படம் விரிந்து கிடந்தது.

ரவீந்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஐயா, இது குழாய் இல்லை,” என்றான்.

அதிகாரி படத்தைப் பார்த்தார். “ஃபிளேஞ்சில் எட்டு போல்ட் இருக்கிறதே?”

“அது உருவகம் ஐயா.”

“உருவகத்துக்கு எதற்குக் கேஸ்கெட்?”

ரவீந்தர் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். ஒழுகாமலிருக்க நடுவில் ஒரு கேஸ்கெட் வைக்காமல் ஃபிளேஞ்ச் போடுகிறவன் மனுஷனா?

பிறகு ரவீந்தர் எல்லாவற்றையும் சொன்னான். திரை, பெட்டி, இழுத்துப் போடுவது, கோடு. அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாங்கள் பயந்ததைச் சொன்னார்: “அப்படியானால் இது கம்ப்யூட்டர் புரோகிராம் பர் சே. இதைவிடக் குழாயாக இருந்தபோதே உங்களுக்கு நல்லது.” பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

ரவீந்தர் பக்கங்களைப் புரட்டினான். வியர்வை காகிதத்தில் சொட்டியது. ஹேமா என் பக்கம் சாய்ந்தாள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, குரலைக்கூடத் தாழ்த்தாமல், சேலைக் கடையில் பேசுவதுபோலப் பேசினாள்.

“அங்கிள், இந்தாளு பைப் ஆளு. இவருக்குப் புரிய வைக்கறது நம்மால ஆவாது. வேற ஆளக் கேளுங்க.”

நானும் சிரித்த முகத்தோடு சொன்னேன்: “இரும்மா. மூஞ்சியப் பாரு, அடைச்ச கொழாய் மாதிரி. மேல இருந்தே பாத்துக்கினு இருக்கான். கீழ பாத்தா இல்ல தெரியும்?”

அதிகாரி எழுதிய வரியை முடித்தார். பேனாவை மூடி, மற்ற பேனாக்களோடு நேராக வைத்தார்.

“கீழயும் பாக்கறேன் சார். காட்டுங்க.”

தமிழில்.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ரவீந்தருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ நல்லது நடந்ததாக நினைத்து, “தேங்க்யூ சார்” என்றான். ஹேமா நாற்காலியில் பாதியாகச் சுருங்கிவிட்டாள்.

“நான் பைப் ஆளுதாம்மா,” என்றார் அவர் அவளிடம். “இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி எண்ணெய் சுத்திகரிக்கற எடத்துல இருந்தேன். எனக்குத் தெரிஞ்சதத்தான நான் கேக்க முடியும்? கேக்கறேன், பதில் சொல்லுங்க. இந்த வால்வு, இந்தப் புள்ளிக்கோடு. அறிக்கை எழுதும்போதே இது என்னைத் தொந்தரவு பண்ணிச்சு. கீழ்ப்பக்கம் அடைச்சுக்கிச்சுன்னு வெச்சுக்குங்க. மேல இருந்து வந்துக்கிட்டே இருக்கே, அந்த பிரஷர் எங்க போகும்?”

ஹேமா நிமிர்ந்தாள்.

“சார், அதுதான்! அதுதான் சார் நான் பண்ணது!”

“எது?”

“எல்லாரோட சாஃப்ட்வேர்லயும் கீழ இருக்கற மெஷின் ஸ்லோ ஆனா, மேல இருக்கறது தெரியாம தள்ளிட்டே இருக்கும் சார். மெமரி ரொம்பி, மெஷின் படுத்துடும், டேட்டா போயிடும். என்னோடதுல கீழ இருக்கறது மேல சேதி அனுப்பும், ‘எனக்கு இவ்ளோதான் எடம் இருக்கு, இவ்ளோதான் அனுப்பு’ன்னு. மேல இருக்கறது தானா கொறைச்சுக்கும். சின்ன மெமரிலயே ஓடும், ஒரு சொட்டு சிந்தாது. அதுக்குத்தான் அந்தப் புள்ளி அம்பு போட்டேன்.”

“அப்ப அது மெஷினுக்குள்ள நடக்கற விஷயம். ஸ்க்ரீன்ல பெட்டி இழுக்கற விஷயம் இல்ல.”

“இல்ல சார்.”

“இத எங்க எழுதியிருக்கீங்க?”

ஹேமா ஹிந்தியில் சொல்ல, ரவீந்தர் தேடினான். உரிமை கேட்கும் பகுதி முழுக்கப் பெட்டி, நிறம், இழுப்பு. வால்வு விஷயம் எங்கோ பின்பக்கத்தில் ஒரு பத்தியில், விருந்துக்கு வந்த ஏழைச் சொந்தக்காரன் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

“பெட்டிய வாசல்ல வெச்சுட்டு, வீட்டப் பின்னாடி ஒளிச்சிருக்கீங்க,” என்றார் அதிகாரி. பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். கம்ப்யூட்டர் விஷயத்தில் தீர்ப்புச் சொல்வது தன் வேலை இல்லை என்றும், கோப்பை அந்தப் பிரிவுக்கு அனுப்புவதாகவும், இந்த வால்வைப் பற்றித் தன் குறிப்பை மேலே வைப்பதாகவும் சொன்னார். பெட்டிகளை விட்டுவிட்டு வால்வை மட்டும் கேட்டால் அவர்கள் கீழே பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும் என்றார். ‘கீழே’ என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் ஹேமா அழுதாள். பெட்டிகளை இழுத்துப் போடுவதுதான் அவளுக்குப் பிள்ளை மாதிரி. அதன் நிறங்களுக்காக அவள் செலவழித்த நாட்கள் எத்தனையோ. “அத விட்டுட்டா அந்தக் கம்பெனி அத அப்படியே எடுத்துப்பாங்க அங்கிள்.” ரவீந்தர் சமாதானம் சொல்லப் பார்த்தான். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. பட்டான்செருவில் எந்தத் தொழிற்சாலையிலும் பெயின்ட் போனதற்கு மெஷினை நிறுத்தி நான் பார்த்ததில்லை. வால்வு போனால் தெருவே காலி. அதை அவளிடம் சொன்னேன். மூக்கைச் சிந்திக்கொண்டு, “பெட்டி போவட்டும். வால்வ மட்டும் கேளுங்க,” என்றாள்.

காப்புரிமை வந்தது. உடனே வரவில்லை, கம்ப்யூட்டர் பிரிவும் அதன் பங்குக்குக் கிள்ளித்தான் பார்த்தது. ஆனால் குழாய்க்காரர் வைத்த குறிப்பு கோப்பின் தலையில் உட்கார்ந்திருந்ததால், பேச்சு எப்போதும் வால்வில்தான் தொடங்கியது. படத்தை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். பெட்டி, அம்பு, பெட்டி, அம்பு என்று என் கையாலேயே வரைந்தேன். அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டில் சொல்வார்கள்.

அடுத்து அந்தப் பெரிய கம்பெனி. அவர்கள் தங்கள் பொருளை அமர்க்களமாக விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டிகள் ஹேமாவுடையதைவிடப் பளபளப்பு. முதல் பெரிய வாடிக்கையாளரிடமே கீழ்ப்பக்கம் அடைத்து, மேல்பக்கம் தள்ளி, மொத்தமும் படுத்தது. பிறகு சத்தமில்லாமல் சரிசெய்தார்கள். எப்படிச் சரிசெய்தார்கள் என்று ஹேமா பார்த்தாள். சின்னதாக, புள்ளி புள்ளியாக, ஒரு பின்பக்க அம்பு.

நோட்டீஸ் அனுப்பினோம். பேச வந்தார்கள், எங்கள் ஆபீஸுக்கே. கோட்டு போட்ட இரண்டு வக்கீல்கள், மூன்று மேனேஜர்கள். எல்லோரும் டெல்லிக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். ஹேமா என் பக்கம் சாய்ந்து வாயைத் திறக்கப் போனாள். நான் அவள் கையை அழுத்தினேன். பிறகு கூட்டத்தைப் பார்த்து, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், கேட்டேன்:

“எல்லாரும் சாப்டீங்களா?”

மூத்த வக்கீல், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், “ஆச்சு சார், இப்பத்தான்,” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

எந்த ஊர்ப் பேச்சுவார்த்தையானாலும் இதைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். நான் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க முடிந்த சட்டம் இவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. எதிரே இருப்பவர் பைப் ஆள், உங்களுடையது பைப் இல்லை என்று தெரிந்தாலும், அவர் கேட்கிற கேள்வியைக் கேட்டு முடிக்க விடுங்கள். ஹேமா எழுதிய பொருளின் உயிர் எங்கே இருக்கிறது என்று எங்கள் ஆபீஸில் யாரும் அவளைக் கேட்டதில்லை. அவர்தான் கேட்டார்.

அன்றைக்கு நானும் ஹேமாவும் ரகசியம் எதுவும் பேசவில்லை. மேசை டிராயரைத் திறந்து, அரசாங்கம் வேண்டாம் என்ற என் பழைய படத்தை எடுத்து அவர்கள் முன்னால் விரித்தேன். தொட்டி, குழாய், ஃபிளேஞ்சுக்கு எட்டு போல்ட். நடுவில் அந்த வால்வு.

“இது உங்க சாமான்ல இருக்கா, இல்லையா? அது ஒண்ண மட்டும் சொல்லுங்க,” என்றேன் தமிழிலேயே.

வக்கீல் குனிந்து பார்த்தார். வால்வின் புள்ளிக்கோட்டில் விரலை ஓட்டினார். மேனேஜர்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவர்கள் முகம் தொங்கியதிலிருந்து, இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார் என்று எனக்கே புரிந்தது. அந்த வாரமே ஹேமாவின் அனுமதிக்குப் பணம் தர ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். தார்நாகாவில் காலைக் காபி வெறும் காபியானது.

கிளம்பும்போது அந்த வக்கீல் படத்தின் பக்கம் மறுபடி வந்து நின்றார்.

“யார் சார் வரைஞ்சது? கேஸ்கெட்கூட விடலயே.”

உருவகம், என்றேன்.